தொடக்கநிலை 3 கணிதம்: முதல் தவணையில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

வீட்டில் தொடக்கநிலை 3-இல் படிக்கும் தம்பி, தங்கை அல்லது அக்கா பிள்ளை இருக்கிறாரா? அப்படியென்றால் ஜனவரியிலிருந்தே உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கும். "இந்தக் கணக்கு எப்படிப் போடுறது? சொல்லித் தாங்க!"

நீங்களும் சிங்கப்பூரில் இதே பாடத்தைப் படித்தவராக இருக்கலாம். ஆனால் உயர்நிலைக்குப் போனபிறகு உங்கள் கை தானாக 'எக்ஸ்' போட்டுக் கணக்கைத் தொடங்கும். 9 வயதுப் பிள்ளைக்கு அது புரியாது. அந்த வயதில் பள்ளி என்ன கற்றுத் தருகிறது என்று தெரிந்தால் உதவுவது சுலபம்.

முதல் தவணை ஏன் முக்கியம்?

தொடக்கநிலை 1, 2-இல் மதிப்பெண் சேரும் தேர்வுகள் கிடையாது. 2019இல் கல்வி அமைச்சு அவற்றை முழுமையாக நீக்கிவிட்டது. ஆகவே தொடக்கநிலை 3-இல்தான் பிள்ளைகள் முதன்முறையாகப் பள்ளியில் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அரையாண்டுத் தேர்வும் இப்போது இல்லை. அதற்குப் பதிலாகத் தவணைக்கு ஒரு பாடத்தில் அதிகபட்சம் ஒரு மதிப்பீடு நடத்தலாம்.

சுமார் 10 வாரம் நீடிக்கும் முதல் தவணையில் வழக்கமாக வருபவை: 10,000 வரையிலான எண்கள், கூட்டல், கழித்தல், பெருக்கல் வாய்பாடு. பள்ளிக்குப் பள்ளி வரிசை சற்று மாறலாம்.

சின்ன விஷயம்போல் தெரிகிறதா? இதே ஆண்டில் பின்னால் வரும் சம பின்னங்களுக்கும், அடுத்த ஆண்டு வரும் காரணிகளுக்கும் வாய்பாடு வேண்டும். இங்கே விட்ட இடைவெளி அங்கே போய்த்தான் தெரியவரும். அப்போது பிள்ளை "எனக்குப் பின்னம் வராது" என்று சொல்லும். உண்மையில் வராதது பின்னமாக இருக்காது.

10,000 வரை: பூஜ்யம் எங்கே போனது?

"நாலாயிரத்து ஐம்பத்திரண்டு" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 452 என்பார்கள். சிலர் 400052 என்று எழுதுவார்கள். காரணம் எளிது. 4,052-இல் நூறின் இடத்தில் உள்ள பூஜ்யத்தை நாம் வாயால் சொல்வதே இல்லை. தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, காதில் விழாத ஒன்றைப் பிள்ளை எழுத வேண்டியிருக்கிறது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' கேட்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்துக்குள் 'ஆயிரம்' கேட்கிறது, ஆனால் அது 900. பள்ளியில் கணிதம் ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழில் எண் சொல்லும்போது பிள்ளை தடுமாறினால் அதைக் கணக்கில் பலவீனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதே சமயம் தமிழ் கைகொடுக்கும் இடமும் இருக்கிறது. பதினொன்று என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 11, 12-க்கான சொற்களில் பத்து காதில் விழாது.

கழித்தல்: கடன் இல்லை, சில்லறை

5,000 - 1,876 எவ்வளவு? பல பிள்ளைகள் திணறும் கணக்கு இது. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பதுண்டு. ஆனால் பக்கத்து வீட்டிலும் பூஜ்யம், அதற்கடுத்த வீட்டிலும் பூஜ்யம். அப்புறம் யாரிடம் கேட்பது?

பள்ளியில் 1, 10, 100, 1,000 என்று அச்சிட்ட வட்ட வில்லைகளை வைத்து இதைக் காட்டுகிறார்கள். ஓர் ஆயிரத்தைப் பத்து நூறுகளாக மாற்றலாம். அதில் ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்றலாம். அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றலாம். கடைசியில் 5,000 என்பது 4 ஆயிரம், 9 நூறு, 9 பத்து, 10 ஒன்று ஆகிறது. இனி கழிப்பது சுலபம். விடை 3,124.

100 வெள்ளித் தாளைக் கொடுத்துப் பத்து 10 வெள்ளித் தாள்களை வாங்குவது போலத்தான் இது. பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாய்பாடு: புதிதாகப் படிப்பது 10 மட்டும்

தொடக்கநிலை 2-இல் 2, 3, 4, 5, 10 வாய்பாடுகள் முடிந்துவிடும். தொடக்கநிலை 3-இல் வருபவை 6, 7, 8, 9. "இன்னும் நாலு வாய்பாடா!" என்று பிள்ளை முகம் சுளிக்கலாம்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 7 × 3 தெரியாவிட்டால் என்ன, 3 × 7 ஏற்கெனவே தெரியும். இரண்டும் ஒன்றுதான். இப்படித் தெரிந்தவற்றையெல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுபவை இவைதான்:

6 × 6 = 36, 6 × 7 = 42, 6 × 8 = 48, 6 × 9 = 54
7 × 7 = 49, 7 × 8 = 56, 7 × 9 = 63
8 × 8 = 64, 8 × 9 = 72
9 × 9 = 81

மொத்தம் பத்தே பத்து! அதிலும் 7 × 8 மறந்துபோனால் 7 × 5 = 35, 7 × 3 = 21, இரண்டையும் கூட்டினால் 56. மனப்பாடம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மறந்தபோது திரும்பிவர ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான்.

"கால்குலேட்டர் இருக்கே?" என்று கேட்டால்: தொடக்கநிலை 5-இலிருந்துதான் அது அனுமதிக்கப்படுகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முதல் தாளில் அப்போதும் அதற்கு இடமில்லை.

மாடல் முறை: ஏன் படம் வரையச் சொல்கிறார்கள்?

இந்தக் கணக்கைப் பாருங்கள். மலரிடம் குமாரைவிட 36 ஸ்டிக்கர்கள் அதிகம். இருவரிடமும் சேர்த்து 124. குமாரிடம் எத்தனை?

'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் 124-உடன் 36-ஐக் கூட்டிவிடும் பிள்ளைகள் உண்டு. நீங்களோ எக்ஸ் போடுவீர்கள். பள்ளியில் சொல்வது வேறு. குமாருக்கு ஒரு பட்டை வரையுங்கள். மலருக்கு அதே நீளப் பட்டையை வரைந்து, அதை ஒட்டி 36-க்கு ஒரு துண்டு சேருங்கள். அந்தத் துண்டை எடுத்துவிட்டால் 124 - 36 = 88. மிஞ்சுவது சமமான இரண்டு பட்டைகள். எனவே குமாரிடம் 44, மலரிடம் 80.

1980-களின் தொடக்கத்தில் கோ டெக் ஹாங் தலைமையிலான குழு சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறை இது. முதலில் கையால் தொட்டு, பிறகு படமாகப் பார்த்து, கடைசியில் எண்ணாக எழுதுவது என்ற வரிசை, அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையிலிருந்து வந்தது. எக்ஸ் தொடக்கநிலை 6-இல்தான் வரும். அதுவரை அந்தப் பட்டைதான் எக்ஸ்.

வீட்டில் எப்படி உதவலாம்?

* விடையைச் சொல்லாதீர்கள். "இதைப் படமா வரைஞ்சு காட்டு" என்று கேளுங்கள். எங்கே குழப்பம் என்று படம் காட்டிவிடும்.
* கணக்கைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "யாருகிட்ட அதிகம்? எவ்வளவு அதிகம்?" கேள்வி புரியவில்லையா, கணக்கு தெரியவில்லையா என்பது அப்போது பிரிந்து தெரியும்.
* வாய்பாட்டுக்கு நாளைக்கு 5 நிமிடம் போதும். மேலே உள்ள பத்தில், தெரிந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.
* தவறான விடைக்குத் திட்ட வேண்டாம். "எப்படி யோசிச்சே?" என்று கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளை தடுமாறினால், ஆண்டிறுதிவரை காத்திருக்காமல் கணித ஆசிரியரிடம் பேசுங்கள். சிண்டாவும் மானியக் கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகளை நடத்துகிறது. முதல் தவணையிலேயே கேட்டுவிட்டால், இன்னும் மூன்று தவணைகள் கையில் இருக்கும்.