ஒப்பாவ் உரக்கிடங்கு வெடிப்பும் வெடிதிறன் சோதனைகளும்

ஒப்பாவ் வெடிப்பு என்பது 1921 செப்டம்பர் 21 அன்று காலை 7.32 மணியளவில், ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் உர ஆலையில் நிகழ்ந்த பெருவிபத்து ஆகும். 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 2,000 பேர் காயமடைந்தனர். ஒப்பாவ் ஊரின் வீடுகளில் பெரும்பாலானவை இடிந்தன. கிடங்கு நின்ற இடத்தில் ஏறத்தாழ 125 மீட்டர் நீளமும் 90 மீட்டர் அகலமும் 19 மீட்டர் ஆழமும் உள்ள பள்ளம் உண்டாயிற்று. வெடித்தது வெடிமருந்து அன்று, வயலுக்குப் போடும் உரம். அந்த உரம் வெடிக்காது என்று முன்னரே சோதித்துப் பார்த்திருந்தனர் என்பதே இவ்விபத்தை வேதித்தொழில் வரலாற்றில் தனித்து நிற்கச் செய்கிறது.

ஒப்பாவ் ஆலை 1913இல் தொடங்கப்பட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் ஹேபர்-போஷ் முறை தொழிலளவில் முதலில் செயல்பட்டது இங்கேதான். தொடக்கத்தில் அம்மோனியம் சல்பேட் உரமே தயாரானது. முதல் உலகப் போர்க்காலத்தில் கந்தகம் கிடைப்பது அரிதாகவே, அம்மோனியம் நைட்ரேட் தயாரிப்பும் தொடங்கியது. நைட்ரேட்டில் நைட்ரஜன் அதிகம். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், தனியே இருந்தால் வெடிக்கவும் கூடும். அதனுடன் சல்பேட்டைக் கலந்தால் வெடிக்கும் இயல்பு தணியும் என்று கருதி இரண்டையும் ஏறத்தாழச் சமபங்காகக் கலந்தனர்.

கலவையில் நைட்ரேட் 60 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் வெடிக்காது என்பது 1919இல் செய்யப்பட்ட சோதனைகளின் முடிவு. ஆலையின் கலவை அந்த எல்லைக்குள்தான் இருந்தது.

கிடங்கில் குவித்த உரம் தன் எடையாலேயே இறுகிப் பாறைபோல் ஆகிவிடும். மண்வெட்டியால் வெட்டி எடுப்பது பெரும்பாடு. அடியில் நின்று வெட்டுபவர்மேல் குவியல் சரியவும் கூடும். எனவே கல்குவாரியில் செய்வதுபோல் துளையிட்டு, சிறிதளவு வெடிமருந்து வைத்துத் தகர்த்து உதிர்த்தனர். இன்று படிப்பவர் திடுக்கிடக்கூடும். ஆனால் விபத்துக்கு முன் சுமார் 20,000 முறை அவ்வாறு தகர்த்தும் எதுவும் நேரவில்லை. நாளடைவில் இந்த எண்ணிக்கையே இன்னொரு சோதனைச் சான்றுபோல ஆகிவிட்டது. அவ்வாண்டு ஜூலையில், அப்போது ஜெர்மனியில் இருந்த கிரீவால்ட் என்னும் இடத்தில், இறுகிய அம்மோனியம் நைட்ரேட்டை இதே முறையில் தகர்த்தபோது 19 பேர் இறந்தனர். ஒப்பாவில் வேலை முறை மாறவில்லை.

செப்டம்பர் 21 அன்று கிடங்கில் இருந்தது சுமார் 4,500 டன். அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே வெடித்தது என மதிப்பிடப்படுகிறது. அருகில் நின்றவர் எவரும் பிழைக்காததால் காரணத்தைத் தடயங்களைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருந்தது. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் உப்புக்கரைசலைத் தெளித்து உலர்த்தும் புதிய முறை புகுத்தப்பட்டிருந்தது. அதனால் உரத்தின் ஈரப்பதம் 3-4 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாகக் குறைந்தது, அடர்த்தியும் குறைந்தது. இரண்டுமே வெடிப்பை எளிதாக்குபவை. குவியலின் சில பகுதிகளில் நைட்ரேட் மிகுந்து தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. பெயர் மாறவில்லை, கலப்பு விகிதம் மாறவில்லை. ஆனால் 1919இல் சோதித்த பொருளும் 1921இல் கிடங்கில் கிடந்த பொருளும் ஒன்றல்ல.

சோதனையின் அளவும் ஒரு சிக்கல். ஆஸ்திரியரான டிராட்சலின் பெயரால் வழங்கும் ஈயக்கட்டிச் சோதனையில், 20 செ.மீ. விட்டமும் 20 செ.மீ. உயரமும் உள்ள ஈய உருளையின் துளைக்குள் 10 கிராம் மாதிரியை இட்டு டெட்டனேட்டரால் வெடிக்க வைப்பர். துளை எவ்வளவு விரிந்தது என்று அளப்பர். பல வெடிமருந்துகளுக்கு இது போதுமானது. ஆனால் மந்தமான பொருள்களில் வெடிப்பலை நிலைத்து ஓடக் குறிப்பிட்ட பருமன் வேண்டும். அதற்குக் கீழே அலை அணைந்துவிடும். இந்த எல்லையே மாறுநிலை விட்டம். அடுப்பிலிருந்து தனியே எடுத்து வைத்த கரித்துண்டு அணைந்துபோகும், குவியலில் கிடப்பது கனன்றுகொண்டே இருக்கும் என்பதை நினைத்தால் இது ஓரளவு விளங்கும். சில கிராம் மாதிரி வாளாவிருப்பதைக் கண்டு, ஆயிரக்கணக்கான டன் குவியலும் வாளாவிருக்கும் என்று கொள்ள முடியாது.

1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி துறைமுகத்தில் கிராண்ட்கேம்ப் என்ற கப்பலில் தீப்பிடித்து, அதிலிருந்த சுமார் 2,000 டன் அம்மோனியம் நைட்ரேட் உரம் வெடித்தது. ஏறத்தாழ 600 பேர் மாண்டனர். இங்கு வெடிமருந்து எதுவும் வைக்கப்படவில்லை. தீயும் மூடிய கப்பலறையும் போதுமானவையாக இருந்தன.

ஐரோப்பாவில் நைட்ரேட் மிகுந்த உரங்களுக்குப் பின்னர் வந்த சோதனை, அளவில் முற்றிலும் வேறுபட்டது. உரத்தை முதலில் பலமுறை சூடேற்றிக் குளிர்விப்பர். கிடங்கில் பருவந்தோறும் நேரும் மாற்றத்துக்கு இது ஈடு. பிறகு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் 114 மி.மீ. விட்டமும் உள்ள எஃகுக் குழாயில் நிரப்பி, ஈய உருளைகளின்மேல் கிடத்தி, ஒரு முனையில் 500 கிராம் வெடிமருந்தை வெடிப்பர். வெடிப்பலை குழாய் முழுதும் ஓடினால் உருளைகள் எல்லாம் நசுங்கும். வழியில் அணைந்தால் கடைசி உருளைகள் தப்பும். அவை தப்பினால்தான் உரம் தேறியது.

தேறிய சரக்குக்கு இது பொருந்தும். பிரான்சின் துலூஸ் நகரில் 2001 செப்டம்பர் 21 அன்று, ஒப்பாவ் வெடிப்பு நடந்து சரியாக 80 ஆண்டுகள் கழித்து, ஓர் ஆலையின் கிடங்கு வெடித்து 31 பேர் இறந்தனர். அங்கே கிடந்தது தரத்தில் தேறாமல் ஒதுக்கி வைத்த அம்மோனியம் நைட்ரேட். இந்தியாவில் 2012ஆம் ஆண்டு விதிகள், எடையில் 45 விழுக்காட்டுக்கு மேல் அம்மோனியம் நைட்ரேட் உள்ள கலவைகளைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு விலக்கு உண்டு. ஒப்பாவின் சமபங்குக் கலவை அந்த 45 விழுக்காட்டு எல்லையைத் தாண்டியதே.