இண்டூரில் கிடைத்த ஒலிநாடாப் பெட்டி: தென்னிந்திய ஹெவி மெட்டல் கேட்பு வரலாற்றுக்கு ஒரு சான்று

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் ஒலிப்பதிவு வரலாறு பெரும்பாலும் இசைத்தட்டு, நாடகப் பாட்டு, திரைப்பாட்டு ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. மேலைநாட்டு ராக் இசையும் அதன் கிளையான ஹெவி மெட்டலும் ஆங்கிலம் பயின்ற பெருநகர இளைஞரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டன. தருமபுரி மாவட்டம் இண்டூரில் ஒரு தொழிலாளி விட்டுச்சென்ற ஒலிநாடாச் சேகரிப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு, அக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச்சொற்கள்: ஹெவி மெட்டல், ஒலிநாடா, ரெக்கார்டிங் சென்டர், ஓசூர், பெங்களூர், சேகரிப்பு, ஆவணக்காப்பு

முன்னுரை

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் அமைந்த ஊர் இண்டூர். வானம் பார்த்த நிலமும் குறைந்த பாசனமும் கொண்ட இப்பகுதியிலிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்வது பல தலைமுறை வழக்கம். என் தாய்மாமனும் 1980களின் இறுதியில் அவ்வாறு ஓசூருக்குச் சென்றவர். சிறு உலோகப் பட்டறை ஒன்றில் பவர் பிரஸ் இயக்கினார். 2019இல் அவர் மறைந்தபின், பரண்மேல் இருந்த தகரப் பெட்டியொன்று பழைய பிளாஸ்டிக் வாங்கும் வண்டிக்குப் போகவிருந்தது. அதனுள் நாற்பதை ஒட்டிய ஒலிநாடாக்கள் இருந்தன. ஒன்றிரண்டைத் தவிர அனைத்தும் ஹெவி மெட்டல்.

குடும்பப் பொருளையே சான்றாகக் கொள்வதால் இக்கட்டுரையைத் தன்மையிடத்தில் எழுத நேர்கிறது. ஒரு பெட்டியைக் கொண்டு ஒரு வட்டாரத்தின் கேட்பு வரலாற்றை எழுதிவிட இயலாது. ஆயினும், நிலைபெற்ற ஒரு கூற்றை ஐயுறுவதற்கு ஒரு பெட்டி போதும். ‘கன உலோக இசை’ என்னும் மொழிபெயர்ப்பு ஆங்காங்கே காணப்படினும், கேட்போர் எவரும் அவ்வாறு வழங்குவதில்லை. ஆதலால் ‘மெட்டல்’ என்னும் வழக்குச் சொல்லே இங்கு ஆளப்படுகிறது.

பட்டறையில் பிறந்த இசை

மெட்டல் இசையின் தொடக்கமாகப் பெரும்பாலோர் சுட்டுவது, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சபாத் குழு 1970 பிப்ரவரி 13இல் வெளியிட்ட முதல் தொகுப்பை. அக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தம் பதினேழாம் வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை வலக்கையே. உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுறை செய்து அணிந்து வாசித்தார். விரலுக்கு வலிக்காதிருக்க மெல்லிய தந்திகளை நாடினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். இவ்விசையின் அடையாளமாகிய அடர்ந்த, கீழிறங்கிய ஓசைக்கு ஒரு தொழிற்சாலை விபத்து காரணங்களுள் ஒன்றாக அமைந்தது.

ஆனால் இவ்விசை இந்தியாவை அடைந்தபோது அதன் வர்க்க முகம் மாறியது. கல்லூரி விழாக்கள், ஆங்கில இதழ்கள், நகரக் கடைகள் ஆகியவையே அதன் வழிகள். 1980களின் நடுப்பகுதியில் மும்பை ரங் பவனில் தொடங்கிய ‘இண்டிபென்டன்ஸ் ராக்’ விழாவும், 1993இல் அமித் சைகல் அலகாபாத்திலிருந்து தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழும் ஆங்கிலத்திலேயே இயங்கின. பர்மிங்காம் தொழிலாளியின் இசை இங்கே படித்தவரின் இசையாயிற்று என்னும் கூற்று பெரும்பான்மைக்குப் பொருந்தும். அயோமியின் கதையை என் மாமா எங்கோ கேட்டறிந்து பலமுறை சொல்லியிருக்கிறார். பவர் பிரஸ்ஸில் விரல் போவது ஓசூர்ப் பட்டறைகளில் கேள்விப்படாத செய்தி அன்று. அக்கதையை அவர் கேட்ட விதமும் ஒரு கல்லூரி மாணவர் கேட்ட விதமும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

இசைத்தட்டும் ஒலிநாடாவும்

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களோடு தொடங்கியது. பின்னர் கிராமபோன் கம்பெனியின் தம்தம் தொழிற்சாலை நாடெங்கும் தட்டுகளை அனுப்பியது. இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டுகளின் காலம் 1960ஐ ஒட்டி முடிந்துவிட்டது. அதன் பின்னரும் சில ஆண்டுகள் இந்தியாவில் பீட்டில்ஸ் பாடல்கள் அத்தட்டுகளில் அச்சாகின. கையால் திருகும் பெட்டிகள் இந்திய வீடுகளில் புழக்கத்தில் இருந்ததே காரணம். உலகச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகின்றனர். சென்னையில் பழைய தட்டுகளும் புத்தகங்களும் குவிந்திருந்த மூர் மார்க்கெட் 1985 மே மாதத்தில் எரிந்தபோது அழிந்தவற்றுக்குப் பட்டியல் இல்லை.

தட்டுச் சேகரிப்பு வசதியுள்ளோருக்கே உரியதாக இருந்தது. தட்டு, அதை இயக்கும் கருவி, வைக்க இடம் ஆகிய மூன்றும் வேண்டும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, 1980களில் இந்திய இசைச் சந்தையையே புரட்டிப்போட்டது. பீட்டர் மேனுவல் 1993இல் வெளியிட்ட நூலில் வட இந்தியாவை மையமாக வைத்து இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இம்மாற்றத்தின் முகம் ‘ரெக்கார்டிங் சென்டர்’. வெற்று நாடாவும் பாடற்பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சட்டப்படி அது திருட்டுப் படிதான். சில நூறு ரூபாய் மாதக்கூலி பெற்றவர் உலக இசையைக் கேட்க வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

பெட்டியில் உள்ளவை

பெட்டியிலுள்ள நாடாக்கள் இருவகை. கடையில் வாங்கிய, விலை அச்சிட்ட உரிமப் பதிப்புகள் சில. மற்றவை 90 நிமிட வெற்று நாடாக்களில் பதிந்த படிகள். பின்னவையே வரலாற்று மாணவனுக்கு உரியவை. அவற்றின் அட்டைகளில் குழுக்களின் பெயர்கள் நீல மையில், தமிழில், செவிவழியே எழுதப்பட்டுள்ளன. 1975இல் லண்டனில் ஸ்டீவ் ஹாரிஸ் தொடங்கிய அயர்ன் மெய்டன் ஓர் அட்டையில் ‘ஐயன் மெய்டன்’ ஆகியிருக்கிறது. ஊர் எல்லையில் ஐயனாரைக் கும்பிட்டு வளர்ந்தவரின் காது அவ்வாறு கேட்டதில் வியப்பில்லை.

90 நிமிட நாடாவில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பதிவுக் கடைக்காரர் ஒரு பக்கத்துக்கு ஒரு தொகுப்பு என்று கணக்கு வைத்திருந்தார். 1970இல் வந்த பிளாக் சபாத்தின் ‘பாரனாய்டு’, 1982இல் வந்த அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆகியன நாற்பது நிமிடங்களை ஒட்டியவை. ஆகவே ஒரு நாடாவின் இரு பக்கங்களில் சரியாக அமர்ந்தன. 1986இல் வந்த இரு தொகுப்புகளே சிக்கலாயின. ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ 29 நிமிடமே ஓடுவது. அமெரிக்கப் பதிப்பில் ஒரே நாடாவின் இரு பக்கங்களிலும் முழுத் தொகுப்பையும் இட்டு விற்றனர். நாடாவைக் காலியாக விடுவதை நம் கடைக்காரர் விரும்பவில்லை போலும். எஞ்சிய இடத்தில் இளையராஜா பாடல்களை நிரப்பியிருக்கிறார். ஸ்லேயரின் மழையோசையில் தொகுப்பு முடிய, ஒரு நொடி இடைவெளியில் எஸ். ஜானகியின் குரல் எழுகிறது. எந்த நிறுவனமும் வெளியிடாத இத்தொகுப்பைத்தான் இண்டூரில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கேட்டார்.

மெட்டாலிகாவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ 55 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 45 நிமிடத்தில் நாடா தீரும்போது ‘ஓரியன்’ என்னும் சொல்லற்ற இசைக்கோவை நடந்துகொண்டிருக்கும். வேகம் அடங்கி, கிளிஃப் பர்ட்டனின் பேஸ் கிட்டார் முன்வரும் இடத்தை ஒட்டி ஒலி அறுகிறது. பர்ட்டன் அதே ஆண்டு செப்டம்பர் 27இல் சுவீடனில் பேருந்து கவிழ்ந்து இறந்தார். அட்டையின் கடைசி வரியில் மாமா ‘ஓரியன் - பாதி’ என்று எழுதியிருக்கிறார். அதன் பிறகு வரவேண்டிய பாடலின் பெயரே அட்டையில் இல்லை.

நான் பள்ளியில் படித்தபோது கைபேசியின் நினைவட்டையில் அத்தொகுப்பு முழுமையாகக் கிடைத்தது. மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். நாடா அறும் இடம் நெருங்கியதும், பக்கத்தைத் திருப்புவதற்காக அவர் கை தன்னிச்சையாக நீண்டது. இசை நிற்காமல் தொடர்ந்தபோது கையை மடக்கிக்கொண்டு தலைகுனிந்து கேட்டார். மீதியைக் கேட்க அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

விழாக்களும் வழித்தடமும்

பெட்டியின் அடியில் எழுத்து மங்கிய ஒரு நுழைவுச்சீட்டும் இருந்தது. 2007 மார்ச் 17இல் பெங்களூர் அரண்மனைத் திடலில் அயர்ன் மெய்டன் நடத்திய நிகழ்ச்சிக்கு உரியது அது. அந்நிகழ்ச்சிக்குப் பிறகே பெங்களூர் இவ்விசையின் இந்தியத் தலைநகராக உறுதிப்பட்டது என்பது என் கருத்து. 1988இல் தோன்றிய மில்லெனியம், 1998இல் தோன்றிய கிரிப்டாஸ் ஆகிய குழுக்கள் அதற்கு முன்பே அங்கு களம் அமைத்திருந்தன. 2008இல் மெகாடெத், 2009இல் மீண்டும் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிகா என அதே திடலில் நிகழ்ச்சிகள் தொடர்ந்தன. மெட்டாலிகா அதற்கு இரு நாள் முன்பு குர்கானில் வாசிப்பதாக இருந்தது. அது நடைபெறாமற்போக, கூட்டம் மேடைக் கருவிகளை உடைத்தது. சென்னையில் இத்தகைய திடல் வாய்க்கவில்லை. ஐ.ஐ.டி. வளாகத்தில் 2009இல் சுவீடனின் ஓபெத் வாசித்தது, கல்வி வளாகத்துக்குள் நிகழ்ந்த விதிவிலக்கு.

இதனால் தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூரே அருகமைந்த இசை நகரமாயிற்று. தருமபுரியிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து நகரப் பேருந்துத் தொலைவு. அன்றிரவு நிகழ்ச்சி முடிந்து ஓசூர் திரும்பிய மாமா, மறுநாள் ஞாயிறாதலால் தூங்கிவிட்டுத் திங்கள் காலை வேலைக்குப் போனதாகச் சொல்வார். மேடையில் பேசியது எதுவும் புரியவில்லை, பாட்டு எல்லாம் தெரிந்தது என்பதும் அவர் கூற்றே.

2012இல் தொடங்கிய ‘பெங்களூர் ஓப்பன் ஏர்’ விழா, ஜெர்மனியின் ‘வாக்கன் ஓப்பன் ஏர்’ விழாவை முன்மாதிரியாகக் கொண்டது. வாக்கன் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். 1990இல் அவ்வூர் இளைஞர்கள் சில நூறு பேருக்காகத் தொடங்கிய விழாவுக்கு இன்று ஆண்டுதோறும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். 2013இல் கிரிப்டாஸும், 2019இல் டெல்லியின் பிளடிவுட்டும் அங்கு வாசித்தன. மெட்டல் நகரத்தாருக்கு மட்டும் உரியது என்போர் வாக்கனின் மாட்டுப் பண்ணைகளையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

தமிழில் ஏன் வேரூன்றவில்லை

தமிழர் இவ்விசையைப் படைக்கவில்லை என்பது பிழை. 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா, அங்குள்ள தென்னிந்திய வழியினர் உருவாக்கிய குழு. 2003இல் வெளிவந்த ‘குருக்ஷேத்ரா’ உள்ளிட்ட தொகுப்புகளில் வேதாந்தக் கருத்துகளும் வடமொழி மந்திரங்களும் இடம்பெற்றன. இக்குழுவைச் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகத்தோடு பொருத்தி யூஜின் தைரியநாதன் ஆராய்ந்துள்ளார். எனினும் பழமையின் கம்பீரம் வேண்டியபோது அவர்கள் நாடியது வடமொழியை. பரணி இலக்கியத்தின் பேய்களும் களவேள்வியும் இவ்விசைக்குப் பொருந்தும் என்பது என் துணிபு. ஆயினும் அவ்வழி பெரிதாகத் திறக்கவில்லை.

இங்கே இவ்விசையின் ‘இரைச்சல்’ அயலானது என்னும் வாதம் அடிக்கடி எழும். விடியவிடியத் தெருக்கூத்தும் பம்பையும் முழங்கும் தருமபுரி மாவட்டத்தில் உரத்த ஓசை எவருக்கும் அயலானது அன்று. சென்னையில் 2018இல் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் மின்கிட்டாரும் ஒருசேர ஒலித்தன. அது மெட்டல் இசை அன்று. ஆனால் எந்த ஓசை இசை, எது இரைச்சல் என்று பிரிப்பவர் யார் என்ற வினாவைத் தமிழில் அக்குழு எழுப்பியது.

சேகரிப்பின் நிலை

கோட்டையூர் ரோஜா முத்தையா தம் விருப்பத்தால் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக உள்ளன. வி.ஏ.கே. ரங்காராவ் சேர்த்த இசைத்தட்டுகள் இன்றித் தென்னிந்தியத் திரையிசை வரலாறு எழுதுவது கடினம். பதிவுக் கடையில் பிறந்த நாடாக்களுக்கு அத்தகைய புகலிடம் இதுவரை அமையவில்லை. உரிமம் அற்ற படிகள் என்பதால் நூலகங்கள் தயங்குகின்றன. முறையான பதிப்பு இணையத்தில் கிடைக்கும்போது படி எதற்கு என்னும் வினாவும் எழுகிறது. முறையான பதிப்பில் நீல மைத் தமிழும் இல்லை, ஸ்லேயருக்குப் பின் ஜானகியும் இல்லை.

பெட்டியிலிருந்த நாடாக்களுள் சிலவற்றில் வெண்பூஞ்சை படர்ந்துள்ளது. இரண்டில் காந்தப் பூச்சு உதிர்ந்து ஒலியே இல்லை. எஞ்சியவற்றைப் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றின்வழி எண்மப் படிகளாக மாற்றி வருகிறேன். அட்டைகள் தனியே ஒளிவருடப்பட்டுள்ளன. நாடாவின் இரைச்சலும், பக்கம் முடியும்போது விசை தெறிக்கும் ஓசையும் நீக்கப்படவில்லை. எண்மப் படியிலும் ‘ஓரியன்’ அதே இடத்தில் அறுகிறது. மீதியை நான் சேர்க்கவில்லை.