கடல் தந்த சொற்கள்

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். அக்கம்பக்கத்தில் தாழங்குப்பம், காட்டுக்குப்பம் என மேலும் சில குப்பங்கள் உண்டு. 'குப்பம்' என்றதும் சென்னை நகரவாசிக்குக் குடிசைப் பகுதிதான் நினைவுக்கு வரும். கடற்கரையில் அதன் பொருள் மீனவர் ஊர் என்பதே. இரண்டு மைல் உள்ளே வருவதற்குள் ஒரு நல்ல சொல் மதிப்பிழந்து விடுகிறது! 'வெள்ளம்' என்ற சொல்லும் இப்படித்தான். நமக்கு அது ஆற்றுப் பெருக்கு. மீனவருக்குக் கடலின் நீரோட்டம். "இன்னிக்கு வெள்ளம் பலம்" என்று அவர் சொன்னால் மழையைத் தேடாதீர்கள்.

இச்சொற்களுள் உலகம் சுற்றி வந்தது கட்டுமரம். 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை அதே பெயரால் குறிப்பிட்டார். 1804-இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்கும் 'கட்டமரான்' என்றே பெயர். 1876-இல் அமெரிக்கரான ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார். இன்று ஆங்கிலத்தில் அச்சொல் பெரும்பாலும் அவ்வகைப் படகையே குறிக்கிறது. அதில் கட்டும் இல்லை, மரமும் இருக்க வேண்டியதில்லை!

நம் கட்டுமரத்தின் இயற்பியலே வேறு. சாதாரணப் படகு மிதப்பது அதன் குழிந்த வயிற்றில் உள்ள காற்றால். ஓட்டை விழுந்து நீர் நிரம்பினால் மூழ்கும். கட்டுமரத்துக்கு வயிறே கிடையாது. நீரைவிட அடர்த்தி குறைந்த மரம் தானே மிதக்கிறது. மேலே புரண்ட அலை மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடும். ஆணி இன்றிக் கயிற்றால் கட்டியிருப்பதால் அலை மோதும்போது சற்று நெகிழ்ந்து கொடுக்கும். மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால், கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து உலர வைப்பார்கள். மதராஸில் துறைமுகம் இல்லாத காலத்தில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டு சென்றவர்கள் கட்டுமரக்காரர்களே.

ஆழத்தை அளக்க அவர்களுடைய அலகு 'பாகம்'. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம்; ஏறக்குறைய 6 அடி. குண்டு கட்டிய கயிற்றைக் கைவிரித்து இழுக்க இழுக்க எண்ணிக்கை வந்துவிடும்; அளவுகோல் தேவையில்லை. ஆங்கில மாலுமிகளின் 'ஃபாதம்' என்ற சொல்லும் விரித்த கைகளிலிருந்தே பிறந்தது. அலகுகள் பாடம் நடத்தும்போது எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

காற்றுக்கு வருவோம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வானிலைத் துறையினரும் காற்றை அது வரும் திசையால்தான் அழைக்கிறார்கள். சென்னைக் கோடையில் மேற்குக் காற்று வலுத்தால் கடற்காற்று கரையேறத் தாமதமாகும். அன்று நமக்கு வியர்த்துக் கொட்டும். ஈழத்தில் மேல்காற்றுக்குக் 'கச்சான்' என்று பெயர். (யாழ்ப்பாணத்துக் கடையில் கச்சான் கேட்டால் வேர்க்கடலை தருவார்கள், அது வேறு கதை.)

சில சொற்கள் எச்சரிக்கையும் கூட. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பகுதியில் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. 'நாக்டிலூகா' என்ற நுண்ணுயிர் பெருகியதே காரணம் என்றார்கள் விஞ்ஞானிகள். அந்தக் கரையில் அதற்கு ஏற்கெனவே 'பூங்கோரை' என்று பெயர் இருந்தது.

இன்று நெட்டுக்குப்பத்துக் கரையில் நிற்பவை கண்ணாடியிழைப் படகுகள். எஞ்சின் இருப்பதால் பாய்க்குக் காற்றுப் பார்க்க வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் இந்தக் கரை கண்டது எண்ணெய்ப் படலத்தை. பழைய சொற்கள் பெரியவர்களின் வாயில்தான் மிச்சம் இருக்கின்றன.

உங்கள் ஊர் கடலோரம் என்றால் அவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். சொல்லோடு மாதத்தையும், உங்கள் கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதையும் குறிக்க மறவாதீர்கள். எண்ணூரில் கடலிலிருந்து வரும் காற்று கொண்டல். மேற்கு நோக்கிய கரையில் அதே கொண்டல் நிலத்திலிருந்து வரும்.