பெருங்குடல் கொழுப்புக்கட்டி: அகநோக்கிச் சிகிச்சை

பெருங்குடல் சுவரில் முதிர்ந்த கொழுப்பு உயிரணுக்கள் திரண்டு உண்டாகும் தீங்கற்ற கட்டி, மருத்துவ வழக்கில் லிப்போமா. 1757இல் பாவர் என்பவர் இதை முதன்முதலாக விவரித்தார். அடினோமா போன்ற பாலிப்புகள் சளிப்படலத்திலேயே முளைப்பவை. இதுவோ பத்துக்கு ஒன்பது பங்கு சளிப்படலத்துக்குக் கீழுள்ள அடுக்கில் வளர்கிறது. எஞ்சியவை குடலின் வெளியுறையை ஒட்டியவை. வலப்பக்கக் குடலில்தான் மிகுதி. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமே பெரும்பாலும் காணப்படுகிறது. 4 செ.மீ. தாண்டியதைப் பெருங்கட்டி என்பர்.

கொலோனோஸ்கோப்பியில் இதை அடையாளம் காண மூன்று குறிகள் உண்டு. இடுக்கியால் அழுத்தினால் தலையணைபோல் குழிந்து மீள்வது முதலாவது. மேலே மூடிய சளிப்படலத்தைப் பற்றி இழுத்தால் கூடாரமாக எழும்புவது இரண்டாவது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் திசு எடுத்தால் மஞ்சள் கொழுப்பு பிதுங்குவது மூன்றாவது. சி.டி. ஸ்கேனில் கொழுப்புக்கே உரிய குறைந்த அடர்த்தி தெரிந்தால் ஐயம் ஏறக்குறைய நீங்கிவிடும்.

நியூயார்க்கில் ஷின்யாவும் வுல்ஃபும் 1969இல் மின்கண்ணியால் பாலிப் அறுக்கும் முறையைத் தொடங்கினர். அதையே கொழுப்புக்கட்டிக்கும் கையாண்டபோது சிலருக்குக் குடல் துளைபட்டது. கொழுப்பில் நீர் குறைவு; மின்சாரம் எளிதில் பாயாது. அறுக்க நெடுநேரம் மின்சாரம் செலுத்த வேண்டியிருப்பதால், வெப்பம் குடல்சுவரைச் சுடுகிறது. குடல் அசைவால் இழுபட்ட கட்டியின் காம்புக்குள் தசையடுக்கும் புகுந்திருக்கலாம். ஆகவே 2 செ.மீ.க்கு மேற்பட்டவை அறுவை மருத்துவருக்கே உரியவை என்ற விதி வழங்கிவந்தது. இன்று அவ்விதி காலாவதியானது.

அதை மாற்றியது, கழன்றுகொள்ளும் நைலான் கண்ணி. ஜப்பானின் ஹச்சிசு 1991இல் வெளியிட்ட இக்கருவி, பாலிப் காம்பில் இரத்தக்கசிவைத் தடுக்க வந்தது. கட்டியின் அடியில் இதை இறுக்கி, அதற்கு மேலே அறுப்பர். அல்லது அறுக்காமலே விடுவர். இரத்த ஓட்டம் நின்ற கட்டி சில வாரங்களில் தானே உதிரும். ஆனால் உதிர்ந்தது மலத்தோடு போய்விடுவதால் ஆய்வகத்துக்குத் திசு கிடைக்காது. இதற்காக மேற்படலத்தைத் திறந்து சிறிது கொழுப்பை முன்னதாக எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். மேற்பகுதியை மட்டும் சீவி, மிஞ்சிய கொழுப்பைத் தானே வெளியேறவிடும் முறையும் உண்டு.

அகன்ற அடியுள்ளவற்றுக்கு, சளிப்படலத்தைச் சுற்றி வெட்டி அடியடுக்கோடு பிரித்தெடுக்கும் ஈ.எஸ்.டி. முறை இப்போது பயன்படுகிறது.

குடல் செருகல், அடைப்பு, புற்றுநோய் ஐயம் ஆகியவற்றுக்கு அறுவையே வழி. தொல்லை தராத கட்டியை நீக்க வேண்டியதில்லை.