தில்லி சுல்தானின் தானியக் களஞ்சியம்

உணவுப் பொருள்களின் விலை ஏறுங்காலத்தில் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அரசாங்கமே கடை வைத்து விற்றால் விலை இறங்காதா என்பதே அது. இக்கேள்வி புதியதன்று. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் தில்லியை ஆண்ட அலாவுதீன் கில்ஜி இதனைக் கேட்டதோடு நில்லாமல், செய்தும் பார்த்தான். 1296 முதல் 1316 வரை அவன் ஆட்சி நடைபெற்றது. அவனுடைய அங்காடிச் சீர்திருத்தங்களை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதுண்டு. விலைப் பட்டியல் அவர்கள் நினைவில் நிற்கும். அவ்விலை எவ்வாறு நிலைத்தது, அதன் சுமையைத் தாங்கியவர் யார் என்பவை நில்லா. அவற்றைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன்.

1303-ஆம் ஆண்டில் தார்கி என்னும் மங்கோலியத் தலைவன் பெரும்படையுடன் வந்து தில்லியை முற்றுகையிட்டான். வணிகச் சாத்துகள் வரும் வழிகள் அடைபட்டன. நகரத்தில் தானியம் அருகியது. முற்றுகை நீங்கிய பின், பெரும்படை ஒன்றை எப்பொழுதும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று சுல்தான் முடிவு செய்தான். குதிரை வீரன் ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 234 தங்கா. அதற்கு மேல் கொடுத்தால் கருவூலம் சில ஆண்டுகளில் வற்றிவிடும். கொடாவிடில் வீரன் குடும்பம் நடத்த முடியாது. சம்பளத்தை உயர்த்த இயலாத நிலையில், விலையைத் தாழ்த்துவது என்று அவன் துணிந்தான். இவ்வாறு காரணம் கூறுபவர் ஜியாவுத்தீன் பரனி என்னும் வரலாற்றாசிரியர். நசிருத்தீன் சிராக் என்ற சூஃபிப் பெரியாரின் உரைகளைத் தொகுத்த நூலோ, மக்கள் அனைவருக்கும் பயன்படும் செயல் ஒன்றைச் செய்யக் கருதியே சுல்தான் விலையைக் குறைத்தான் என்கிறது. இரண்டு நோக்கங்களும் அவன் உள்ளத்தில் இருந்திருக்கலாம். எனினும் படைச் சம்பளக் கணக்கே முந்தியது என்பது என் கருத்து.

கோதுமை மணங்கு ஒன்றுக்கு ஏழரை ஜிதல், வாற்கோதுமை 4 ஜிதல், அரிசியும் கடலையும் 5 ஜிதல் என விலை வகுக்கப்பட்டது. அக்காலத்து மணங்கு ஏறத்தாழ 13 முதல் 15 கிலோ வரை இருக்கும் என்பர். ஜிதல் என்பது ஒரு சிறு நாணயம். விலை வகுப்பது எளிய செயல். ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் 301-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு உச்ச விலை விதித்து, அதனைக் கல்லிலும் பொறித்து வைத்தான்; பொருள்கள் அங்காடியை விட்டு மறைந்தனவேயன்றி, விலை இறங்கவில்லை. ஆணை மட்டும் போதாது என்பதை அலாவுதீன் உணர்ந்திருந்தான். விற்பதற்குத் தானியம் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நிலத்தில் சுல்தானுக்கு நேரே உரிய ஊர்களின் வரியைப் பணமாக வாங்காமல் தானியமாகவே வாங்கச் செய்தான். அத்தானியம் தில்லிக்கு வந்து களஞ்சியங்களில் குவிந்தது. பொதிமாடுகளில் தானியம் ஏற்றிச் செல்லும் வணிகர்களைக் குடும்பத்தோடு யமுனைக் கரையில் குடியேற்றி, ஒருவருக்கு ஒருவர் பிணையாக்கினான். மண்டிக்குத் தலைவனாக மாலிக் கபூல் என்பவன் அமர்த்தப்பட்டான். (1311-இல் மதுரை வரை படையெடுத்து வந்தவன் மாலிக் காபூர், இருவரையும் ஒருவராக எண்ணி விடைத்தாளில் எழுதுவோர் பலர்.) மண்டித் தலைவன் ஒருபுறமும், செய்தியாளர் ஒருபுறமும், ஒற்றர் ஒருபுறமும் நாள்தோறும் சுல்தானுக்கு விலைநிலவரம் அறிவித்தனர். மழை குறைந்த ஓராண்டில் அரை ஜிதல் ஏற்றத்தைப் பற்றி விண்ணப்பித்த மண்டித் தலைவனுக்கு இருபது பிரம்படி கிடைத்தது என்று பரனி எழுதுகிறார்.

அத்தகைய வறட்சிக் காலங்களில் நகரத்தின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள சில்லறை வணிகருக்கு, அப்பகுதி மக்களின் தொகைக்கு ஏற்ப, களஞ்சியத்திலிருந்து நாள்தோறும் தானியம் அளந்து கொடுக்கப்பட்டது. இதனை இன்றைய பங்கீட்டு முறையின் முன்னோடி எனலாம்.

1333-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த இபின் பதூதா கேட்டறிந்த செய்தி ஒன்று இதனினும் சுவையானது. ஒரு சமயம் சுல்தான் விதித்த விலைக்கு விற்க வணிகர்கள் மறுத்தனர். சுல்தான் அவர்களை வற்புறுத்தவில்லை. மாறாக, அரசாங்கக் களஞ்சியத்தைத் தவிர வேறு எவரும் தானியம் விற்கலாகாது என்று ஆணையிட்டான். ஆறு மாதங்கள் களஞ்சியத்திலிருந்தே விற்பனை நடைபெற்றது. பதுக்கி வைத்தவர்களுக்குத் தங்கள் தானியத்தில் வண்டு விழுந்துவிடுமோ என்ற அச்சம் பிறந்தது. விற்க இசைவு வேண்டி அவர்களே வந்து நின்றனர். முன்னர் மறுத்த விலையினும் குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இசைவு கிடைத்தது. கேள்விவழிச் செய்தியாயினும், இதில் பொருளியல் உண்மை ஒன்று பொதிந்துள்ளது. வணிகரைப் பணிய வைத்தது கசையன்று. ஆறு மாதம் விற்றும் வற்றாத களஞ்சியமே.

இனி, அந்தக் களஞ்சியத்தை நிரப்பியவர் யார் என்று பார்ப்போம். விளைச்சலில் பாதி வரி. அது போக எஞ்சிய தானியத்தையும் உழவன் தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ள முடியாது. பத்து மணங்குக்கு மேல் இருப்பு வைத்தல் குற்றம்; மிகுதியைக் களத்து மேட்டிலேயே, விதித்த விலைக்குப் பொதிமாட்டு வணிகரிடம் கொடுத்துவிட வேண்டும். விளைச்சல் குறைந்த ஆண்டில் விலை ஏறினால் உழவனுக்கு ஓரளவு ஈடு கிடைக்கும்; அந்த ஈடும் இல்லாமற் போயிற்று. தில்லியில் வீரனும் தொழிலாளியும் மலிவாக உண்டனர் என்பது உண்மை. அம்மலிவுக்கும் உண்மை அடக்கவிலைக்கும் இடையே இருந்த வேறுபாட்டை உழவன் சுமந்தான். பரனி அம்மலிவை அக்காலத்தின் அற்புதம் என வியக்கிறார். அவர் உயர்குடியினர், உழவர் எவரும் நூல் எழுதி வைக்கவில்லை. இவ்விலைகள் தில்லிக்கு அப்பால் எவ்வளவு தூரம் செல்லுபடியாயின என்பது பற்றியும் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. 1316-இல் சுல்தான் இறந்தான். அவன் மகன் முபாரக் ஷா காலத்தில் ஒற்றரும் கட்டுப்பாடும் ஒழிந்தன. விலைகள் மீண்டும் ஏறின.

நம் காலத்து ஏற்பாடு இவ்விடத்தில்தான் அலாவுதீனின் ஏற்பாட்டினின்று வேறுபடுகிறது. 1965-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் வேளையில், இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பெற்றது; அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. உழவனுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுத்து வாங்கி, ஏழைக்கு அதனினும் குறைத்து விற்பது என்பது கொள்கை. இடையில் விழும் பள்ளத்தைக் கருவூலம் நிரப்புகிறது. அப்பள்ளம் சிறியதன்று. 1967-இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கிய ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் செலவு கருதி மாநிலம் முழுதும் விரிக்க இயலாமற் போயிற்று. பின்னர்க் கருவூலத்தின் வலிமை பெருகியது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது.

ஆயினும் உழவனின் கணக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. அறுவடைக் காலத்தில் காவிரிப் பாசனப் பகுதிக்குச் செல்வோர், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாயிலில் நெற்குவியல்கள் காத்துக் கிடப்பதைக் காணலாம். நெல்லில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. எதிர்பாராத மழை பெய்துவிட்டால், அவ்விதியைத் தளர்த்துமாறு மாநிலம் மத்திய அரசுக்கு எழுதுகிறது. மறுமொழி வரும்வரை உழவர்கள் குவியலின்மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, அதன் அருகிலேயே இரவும் பகலும் காத்திருக்கின்றனர்.