டிக்கெட் வாங்கியவர்களின் வெள்ளம்

குற்றாலத்தில் தண்ணீர் பெருகினால் அது செய்தி. அச்சன்புதூரில் வயலுக்குள் தண்ணீர் ஏறினால் அது செய்தியில்லை. இரண்டும் ஒரே மலைத்தொடரில் பெய்த மழைதான். 'அருவிகளில் வெள்ளப்பெருக்கு: சுற்றுலாப் பயணிகள் குளிக்கத் தடை' என்கிற தலைப்பை வருஷந்தோறும் படிக்கிறோம். அந்த வாக்கியத்தில் வெள்ளம் யாருக்கு நேர்கிறது? குளிக்க வந்தவருக்கு. மேக்கரையில் அடவிநயினார் அணையைத் தாண்டி அனுமன் நதி இறங்கி வரும் பாதையில் நாற்று நட்டவர், கரை உடைந்தால் மண்வெட்டியோடு ஓடுகிறவர், வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார். பேரிடர்ச் செய்தியை ஒரு பிரதியாக வாசிப்பதை இந்த 'வெளியே'யிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இது டி.வி. கொண்டுவந்த வியாதி அல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் தர்பார் நடந்தது. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்தார். எலும்பு துருத்திய அந்த உடல்கள் இன்றும் பஞ்சத்தின் பிம்பமாகத் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. ஆனால் நிவாரண வேலைக்கான கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியக் கணக்குக்குக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிளின் உத்தரவு அந்தப் படங்களில் இல்லை. கப்பலேறிப்போன தானியமும் இல்லை. பசி தெரிகிறது, பசியைத் தயாரித்த அதிகாரம் தெரியவில்லை. அதே காலத்தில் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியராயிருந்த வில்லியம் டிக்பி, நிர்வாகத்தின் முடிவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்து 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஆக, வேறு விதமாகவும் எழுத முடிந்திருக்கிறது. கருவி மாறவில்லை, கேள்விதான் மாறியது.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அந்தப் புயலில் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நம் நினைவில் தனுஷ்கோடி என்றால் ரயில்தான். ரயிலில் போனவர்கள் 115 பேர் என்ற கணக்குகூட விற்ற டிக்கெட்டை வைத்துப் போட்டது. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது ஊகம்தான். எண்ணிக்கை என்பது இயற்கையான உண்மை இல்லை; ஏதோ ஒரு ஆவணத்தில் முன்னமே பேர் இருந்தவருக்குக் கிடைக்கிற உரிமை அது. சாவதற்குக்கூட ரசீது வேண்டியிருக்கிறது.

ஐம்பத்தொன்பது வருஷம் கழித்து மறுபடியும் ஒரு ரயில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. இந்தியா முழுக்க அதைப் பார்த்தது, பார்க்க வேண்டியதும்தான். ஆனால் அதே தண்ணீருக்குள்தான் சுற்றியிருந்த ஊர்களும் கிடந்தன. பக்கத்துப் புதுக்குடி மக்கள் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். செய்தியில் அவர்கள் 'மனிதநேயம்' என்ற பெட்டிச் செய்தியாக வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர் சூழ்ந்திருக்கும் என்ற எண்ணமே கதையாடலுக்குத் தேவைப்படவில்லை. காப்பாற்றப்பட வேண்டியவர் ஒருவர், காப்பாற்ற உதவுகிறவர் ஒருவர் என்று பாத்திரங்கள் முன்னமே எழுதிவைக்கப்பட்டிருந்தன. அந்த டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயலுக்குக் கிடைத்த ஒளிபரப்பு நேரத்தையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

மொழியைக் கவனியுங்கள். 'இயற்கையின் சீற்றம்', 'கோரத் தாண்டவம்', 'வருணபகவான் கருணை'. எழுவாய் எப்போதும் இயற்கை அல்லது கடவுள். மனிதர் வரும் இடத்தில் சட்டென்று செயப்பாட்டு வினை வந்துவிடுகிறது: 'உபரிநீர் திறந்துவிடப்பட்டது', 'மக்கள் எச்சரிக்கப்பட்டனர்'. யார் திறந்தது, எத்தனை மணிக்கு, யாருக்குச் சொல்லிவிட்டு? டீக்கடையில் பேப்பரை மடித்துவைத்துவிட்டு 'அணையத் தொறந்துட்டாம்லா' என்று சொல்கிறவரின் பேச்சில் எழுவாய் மறைந்திருந்தாலும் ஒரு ஆள் இருக்கிறான். அச்சில் அந்த ஆளும் காணாமல் போகிறான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றதும் 'திடீர்' வெள்ளம்தான். மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெள்ளம் வரும் என்பது இந்தப் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 'திடீர்' என்ற சொல் வெள்ளத்தைப் பற்றியதல்ல. எச்சரிக்கை இல்லாமற்போனதை மூடுகிற சொல்.

பத்திரிகை சுதந்திரம் உள்ள ஜனநாயகத்தில் பெரும்பஞ்சம் வராது என்றார் அமர்த்தியா சென். அவரே, அன்றாடப் பட்டினி அதே பத்திரிகைகளுக்குச் செய்தியாவதில்லை என்றும் சுட்டிக்காட்டினார். நிவாரணம் செய்தியின் பின்னால் போகிறது என்பதால் இது அழகியல் பிரச்சினை அல்ல, சோற்றுப் பிரச்சினை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதியில் தலித்துகள் முகாம்களிலும் நிவாரணத்திலும் ஒதுக்கப்பட்டதை உண்மையறியும் குழுக்கள்தான் போய்ப் பதிவுசெய்தன. 'பாதிக்கப்பட்டவர்' என்ற பிம்பத்துக்குள் படகு இழந்தவர் வந்தார். கூலி இழந்தவர் வரவில்லை.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் இதில் சுத்தமானவர்கள் இல்லை. வெள்ளம் வடிந்தபின் கவிதை எழுதினோம். எந்த ஊரில் எத்தனை வீடு என்று கணக்கெழுதவில்லை. அடுத்த மழைக்குப் பேப்பரைப் பிரிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வோம்: எண்ணியது யார்? பேசவைக்கப்பட்டவர் யார்? வினைக்கு எழுவாய் யார்? பதில் இல்லாத இடத்தில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அச்சன்புதூர் வரப்புவரை நடந்துபோக வேண்டியதுதான்.