ஓசூர் ஆலையும் படைவீரர் கைக்கடிகாரமும்

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டம், 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரையும் தன்னுள் கொண்டிருந்தது. ஆகவே இந்தியக் கைக்கடிகாரத் தொழிலின் போக்கை மாற்றிய ஓசூர் டைட்டன் ஆலை தன் முதல் பதினேழு ஆண்டுகளைத் தருமபுரி மாவட்டத்து ஆலையாகவே கழித்தது. சாவி கொடுத்து ஓடவிடும் பழைய ராணுவப் பாணிக் கடிகாரங்கள் இன்று சேகரிப்போர் தேடியலையும் அரும்பொருள்களாகிவிட்டதிலும், அவற்றின் நகல்களை உதிரி பாகங்களிலிருந்து கோத்தெடுக்கும் கைவினை ஒன்று தோன்றியதிலும் அந்த ஆலைக்கு நேரடியான பங்கு உண்டு.

ஆண்கள் சட்டைப்பையில் சங்கிலியிட்டுக் கடிகாரம் வைத்திருந்த காலத்தில், அதை மணிக்கட்டுக்கு ஏற்றியது போர்க்களமே. துப்பாக்கியோ கடிவாளமோ ஏந்திய கை பைக்குள் நுழைய முடியாது என்பதால், போயர் போரிலும் முதல் உலகப் போரிலும் தோல்வாரில் கட்டிய கடிகாரங்கள் பரவின. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை வகுத்த விதிமுறைதான் ராணுவக் கடிகாரத்தின் இலக்கணத்தை நிலைநிறுத்தியது: கரிய முகப்பில் வெள்ளை எண்கள், இருளில் ஒளிரும் முள்கள், இருப்புப்பாதைக் கோடு போன்ற நிமிட வளையம், ஆறு மணி எண்ணின் இடத்தில் நொடிகளுக்கெனச் சிறு வட்டம், நீர் புகாத கூடு, உடைந்து சிதறாத கண்ணாடி. லாஞ்சின், ஒமேகா, சைமா, வெர்டெக்ஸ் உள்ளிட்ட 12 நிறுவனங்கள் இதன்படி செய்தளித்த கடிகாரங்களின் பின்மூடியில், அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியுடன் மூன்று ‘டபிள்யூ’ எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அந்த அழகில் அலங்காரம் என்று எதுவுமே இல்லை; ஒவ்வொரு கோடும் ஒரு தேவைக்காக வந்தது. இவ்வடிவம் எண்பது ஆண்டுகளாக மங்காமல் நிற்பதற்கு அதுவே காரணம் எனலாம்.

இந்தியாவில் இம்மரபு அவ்விதிமுறைக்கும் முந்தையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயில் தொடங்கப்பட்ட வெஸ்ட் எண்ட் நிறுவனம், குதிரைப்படை வீரரைக் குறிக்கும் ‘சோவார்’ என்ற பெயரில் விற்ற கடிகாரங்கள் இந்தியப் படையினரிடையே புகழ்பெற்றிருந்தன. விடுதலைக்குப் பின், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ‘ஜவான்’, ‘பைலட்’ என்ற பெயர்களில் அதே தெளிவான முகப்பைச் சாமானியரின் மணிக்கட்டுக்கும் கொண்டுவந்தது. அவற்றுள் ஓடியது 17 ‘ஜூவல்’, அதாவது உராய்வைக் குறைப்பதற்காகப் பதித்த 17 செயற்கைக் கற்கள், கொண்ட எளிய இயந்திரம். சுருள்வில்லின் விசையால் மணிக்கு 18,000 முறை துடிப்பது.

டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் (டிட்கோ) இணைந்து 1984இல் டைட்டனை நிறுவியபோது, சிப்காட் தொழிற்பேட்டையும் பெங்களூரின் அண்மையும் ஓசூரை ஏற்ற இடமாக்கின. செர்க்சஸ் தேசாய் தலைமையில் அந்நிறுவனம் பந்தயம் கட்டியது குவார்ட்ஸ் கடிகாரத்தின்மீது. மின்கலத்தின் ஆற்றலில் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு நேரம் காட்டுவது அது. கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்த இளைஞர்களும் பெண்களும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நுண்ணிய பாகங்களைக் கோக்கப் பழகினர். கேழ்வரகும் மாம்பழமும் விளைந்த வறண்ட மாவட்டம் ஒன்றுக்கு இது சிறிய மாற்றமன்று. 1987இல் இக்கடிகாரங்கள் கடைகளுக்கு வந்த பின், நாள்தோறும் சாவி கொடுக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது; 2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. வழக்கொழிந்த பொருளே சேகரிப்போரின் கண்ணில் விலை பெறுகிறது.

பழைய போர்க்காலக் கடிகாரம் கைக்கெட்டாதவர், அதன் நகலைத் தாமே கட்டத் தொடங்கும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது இயந்திரத்தை. சிறு நொடிவட்டம் வேண்டுவோர் பெரும்பாலும் பைக்கடிகாரங்களுக்கென வடிவமைக்கப்பட்ட யூனிடாஸ் வகையை நாடுகின்றனர். சாவி கொடுக்கும் திருகு மூன்று மணிப் பக்கம் அமையும்போது 6497 எண் இயந்திரத்தில் நொடிவட்டம் ஒன்பது மணியிடத்திலும், 6498இல் ஆறு மணியிடத்திலும் விழுவதால், போர்க்கால வடிவத்துக்குப் பொருந்துவது பின்னதே. ஆனால் அதன் விட்டம் 36.6 மி.மீ.; மூலக் கடிகாரங்களின் கூடோ ஏறத்தாழ 35 முதல் 38 மி.மீ. வரையே இருந்ததால், இந்த நகல் மூலத்தைவிடப் பெரிதாகத்தான் அமையும். நடுவில் நொடிமுள் போதும் என்பவர் சீகோவின் என்.எச்.35 போன்ற தானியங்கி இயந்திரத்தைத் தேர்கிறார். அதில் மணிமுள்ளின் துளை 1.5, நிமிடமுள்ளின் துளை 0.9, நொடிமுள்ளின் துளை 0.2 மி.மீ. என்பதால், வேறு இயந்திரத்துக்குச் செய்த முள் இதில் அமராது. முகப்புத் தகட்டின் அடியில் உள்ள ‘கால்கள்’ எனப்படும் நுண்ணிய ஊசிகள் இயந்திரத்தின் துளைகளோடு பொருந்த வேண்டும்; பொருந்தாவிட்டால் அவற்றை வெட்டிவிட்டு ஒட்டுப்பசையால் நிறுத்துவது உண்டு என்றாலும், நல்ல கைவினைஞர் அதை விரும்புவதில்லை. திருகின் தண்டைக் கூட்டின் அளவுக்குச் சிறிது சிறிதாக அராவிக் குறைப்பதும் பொறுமை கேட்கும் வேலை. ஒருமுறை அதிகமாக அராவினால் அத்தண்டு பயனற்றது.

ஒளிரும் பூச்சில் மட்டும் மூலத்தைப் பின்பற்றலாகாது. போர்க்கால முகப்புகளில் ரேடியத்துடன் துத்தநாக சல்பைடு கலந்து பூசப்பட்டது. சல்பைடு சில பத்தாண்டுகளில் சோர்ந்து ஒளி மங்கிவிட, ரேடியமோ தன் வீரியத்தில் பாதியை இழக்கவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. எனவே ஒளியே இல்லாத பழைய முகப்பைச் சுரண்டுவதும் அத்தூளைச் சுவாசிப்பதும் பேராபத்து. இன்றைய நகல்களில் கதிரியக்கமற்ற ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பூசப்பட்டு, பழமையின் சாயலுக்காகப் பழுப்பு நிறம் சிறிது கலக்கப்படுகிறது.

பழமையின் சாயல் எங்கே முடிந்து ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பது இத்துறையின் மையக் கேள்வி. பழைய எச்.எம்.டி. கடிகாரங்களின் முகப்பைக் கண்கவர் வண்ணங்களில் மறுபூச்சிட்டு, நிறுவனப் பெயரையும் அச்சிட்டு, ஆலையில் அவ்வாறே செய்யப்பட்டவை போல விற்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சேகரிப்போர் இவற்றை ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்பர். பிறர் வணிகக்குறியைப் பொய்யாகப் பொறிப்பது 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டப்படி குற்றம். தமக்கென நகல் கட்டுபவரும் முகப்பைப் பெயரின்றி விடுவதோ தம் பெயரை எழுதுவதோதான் நேர்மை. அரசு அம்புக்குறியும் போலிப் படைப்பிரிவு எண்ணும் பின்மூடியில் ஏறிவிட்டால், அடுத்த கைக்குப் போகும் அக்கடிகாரம் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

எச்.எம்.டி. இயந்திரத்தைப் பழைய கடிகாரத்திலிருந்து பிடுங்கி நகலில் பொருத்தும் முறை இன்னும் வருந்தத்தக்கது. உற்பத்தி நின்றுபோனதால், அவ்வாறு எழும் ஒவ்வொரு நகலும் ஓர் அசல் ஜவானையோ பைலட்டையோ அழித்தே எழுகிறது. 26 மி.மீ. விட்டமுள்ள மியோட்டா 8 வரிசை இயந்திரங்கள் புதிதாகவே கிடைக்கின்றன; எச்.எம்.டி.க்குத் தொழில் கற்றுக்கொடுத்த அதே சிட்டிசன் குழுமத்தின் தயாரிப்பு என்பதால், ஜவான் பாணி நகலுக்கு அவற்றைவிட உரிமையுள்ள இயந்திரம் வேறில்லை.